பறையும் பாரியாவும்

தமிழகத்துத் துறைமுகங்களிலிருந்து மிளகும் துகிலும் மட்டும் கப்பலேறவில்லை; சொற்களும் ஏறின. கட்டுமரம் சென்றது, கடலோடிகள் அதை ஏற்றுக்கொண்டனர். சுருட்டுச் சென்றது, சீமைக் கனவான்கள் வாயில் வைத்துச் சுவைத்தனர். மிளகுத்தண்ணீர் சென்றது, வெள்ளையர் விருந்து மேசையில் கிண்ணமேந்தி அமர்ந்தது. இவை சென்ற இடத்தில் சிறப்புற்றன. இவற்றோடு இன்னொரு சொல்லும் சென்றது. அது பண்டத்தின் பெயரன்று. ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர். ஆங்கிலேயன் அதைப் 'பரையா' என்றான். பிரெஞ்சுக்காரனும் ஜெர்மானியனும் 'பாரியா' என்றனர். ஸ்பானியமும் போலிஷும் ருசியமும் அதைத் தத்தம் நாவுக்கேற்ப ஒலித்துக்கொண்டன. எல்லா மொழியிலும் அதற்குப் பொருள் ஒன்றே: ஒதுக்கித் தள்ளப்பட்டவன், எவரும் அண்டக்கூடாதவன்.

தமிழன் உலகுக்குத் தந்த சொற்களில் இவ்வளவு பரவலாக வழங்குவது வேறொன்று உண்டா என்பது ஐயமே. 'யாதும் ஊரே' என்று மேடையில் முழங்கும் நாம், உலகம் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட சொல் எது என்று எண்ணிப் பார்த்தோமா? பெருமைக்கணக்கு எழுதும் பேனா, இந்தப் பக்கத்தில் ஏன் மை வற்றிப் போகிறது? அச்சொல்லின் வரலாற்றைத் திறனாய்வது மொழிநூலார்க்கு மட்டும் உரிய வேலையன்று. சாதியொழிப்பை நோக்கமாகக் கொண்டோர் அனைவர்க்கும் உரிய வேலை.

வேரிலிருந்து தொடங்குவோம்.

பறை என்பது பழந்தமிழில் ஒரு கருவியின் பெயர் மட்டுமன்று. தோற்கருவிகள் பலவற்றுக்கும் பொதுப்பெயர். தொல்காப்பியம் ஒரு நிலத்தின் கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் எண்ணுகிறது. அதாவது, பறையில்லாத நிலமே தமிழர்க்கு இல்லை. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு மணமுழவும் நெல்லரிகிணையும், நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என்று உரையாசிரியர்கள் பகுத்துக் காட்டினர். உழவனுக்கும் பறை, ஆயனுக்கும் பறை, மீனவனுக்கும் பறை. தீட்டுப் பறை என்று ஒன்றை அவர்கள் அந்த வரிசையில் வைக்கவில்லை.

பறைக்கு இன்னொரு பொருளும் உண்டு: சொல்லுதல். தமிழில் அவ்வினை அருகிவிட்டது. மலையாளத்திலோ அன்றாடம் வாழ்கிறது. 'பறயுக' என்றால் சொல்லுக என்பதே. நம்பூதிரியும் பறைகிறார், நாயரும் பறைகிறார். வாயுள்ள எவரும் அந்நாட்டில் பறையாமல் வாழ முடியாது! கன்னடத்தில் பகரம் ஹகரமாகி 'ஹரெ' என்று முரசைக் குறிக்கிறது. கேரளத்தில் நெல்லளக்கும் மரக்கலமும் 'பற'தான். பழந்தமிழில் பறத்தலுக்கும் சிறகுக்கும்கூடப் பறை என்ற பெயர் உண்டு. முழக்கம், சொல், அளவை, சிறகு என எத்தனை பொருள்கள் அந்த ஈரெழுத்துச் சொல்லுக்கு!

முழக்குதலுக்கும் சொல்லுதலுக்கும் உள்ள நெருக்கத்தை நம் மொழியே வேறொரு சொல்லிலும் காட்டுகிறது. 'அறைதல்' என்றால் அடித்தல். 'அறைதல்' என்றால் சொல்லுதல். முரசறைந்தான் என்கிறோம், உண்மையை அறைந்தான் என்றும் கூறுகிறோம். செய்தித்தாள் இல்லாத காலத்தில், வெள்ளம் வருகிறது என்றும், பகை வருகிறது என்றும், அறுவடைக்கு வாருங்கள் என்றும் ஊருக்கு உரைத்தது தோலின் முழக்கமே. செய்தி சொன்னவன் கையிலிருந்த கருவி அது. சொன்னவனை ஊமையாக்கியது பின்னர் நடந்த கொடுமை.

அந்தச் சொல்லின் இரட்டை வாழ்வைக் காண விரும்புவோர் மார்கழிக்குச் செல்லலாம். ஆண்டாளின் திருப்பாவையில் ஆயர் மகளிர் கண்ணனிடம் கேட்பது பறை. வைணவ உரையாளர்கள் அதற்குக் கைங்கரியம் என்றும் பேறு என்றும் பொருள் விரித்தனர். விடியற்காலையில் அந்தச் சொல்லைப் பாடி உருகும் வாய், விடிந்தபின் தெருக்கோடியில் அதே சொல்லை வசவாக உமிழ்ந்ததை நாடு கண்டிருக்கிறது. பாசுரத்தில் பறை பேறு. சேரியில் பறை தீட்டு. சொல் ஒன்று, எழுத்து இரண்டு, ஒலி மாறவில்லை. மாறியது சொல்லின் பொருளா, சொல்லுவோரின் மனமா?

ஆனால், 'அந்நாளில் எல்லாம் செம்மையாக இருந்தது, இடையில் வந்தவன் கெடுத்தான்' என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட முடியாது. பகுத்தறிவுக்கு இனிப்பான பொய்யும் ஒவ்வாது. புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் சிறந்த குடிகள் நான்கினை எண்ணுகிறார்; அந்நான்கினுள் பறையன் ஒன்று. அது பெருமை. அதே தொகுப்பின் 287ஆம் பாட்டிலோ, துடியடிப்பவன் புலையன் என்றும், கோலேந்துபவன் இழிசினன் என்றும் விளிக்கப்படுகின்றனர். இழிவின் வித்து அங்கேயே கிடக்கிறது. அந்த வித்துக்கு வருணாசிரமம் உரமிட்டது; கோயிலும் கொற்றமும் நீர் பாய்ச்சின; மரமாயிற்று. தஞ்சைப் பெரிய கோயிலின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் ஊர்நத்தம் வேறு, பறைச்சேரி வேறு, தீண்டாச்சேரி வேறு என்று கணக்கெழுதி வைத்திருக்கிறார்கள். கோபுரத்தின் உயரத்தைப் பாடுவோர் இந்த வரிகளையும் படிக்க வேண்டும். கல் பொய் சொல்வதில்லை.

சேரி என்ற சொல்லும் இப்படியே சரிந்தது. உத்தரமேரூரின் குடவோலைக் கல்வெட்டை அறியாத மாணவர் இல்லை. அது பார்ப்பனர்க்கு உரிய சதுர்வேதிமங்கலம். அங்கே ஊர் பகுக்கப்பட்ட பிரிவுகளுக்குச் சேரி என்றே பெயர். அன்று பார்ப்பனர் வாழ்ந்ததும் சேரி. இன்று அச்சொல்லை அவர்தம் தெருவுக்குச் சூட்டிப் பாருங்கள், வழக்கு மன்றம் வரை செல்வர்! சொற்கள் தாமாகத் தாழ்வதில்லை. தாழ்த்தப்பட்ட மனிதரின் தலையில் ஏற்றப்பட்டதும் அவர்களோடு சேர்த்து அவையும் மிதிக்கப்படுகின்றன.

இனி அகராதிக்காரர்களிடம் வருவோம். ஆங்கில அகராதியைத் திறந்தால் 'பரையா' என்பதற்கு முதற்பொருள், ஒதுக்கப்பட்டவன். அதன்கீழ், தமிழ்ப் பறையர் என்பதிலிருந்து வந்தது, பரம்பரையாகப் பறையடிப்போர் என்று பொருள் என ஒரு குறிப்பு. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலிலேயே பறையென்னும் கருவியோடு இப்பெயரைத் தொடர்புபடுத்தியிருந்தார். வேர்ச்சொல் விளக்கம் என்ற அளவில் அது சரி. ஆனால், அந்த விளக்கம் ஒரு பேருண்மையைத் திரையிட்டு மறைக்கிறது.

ஊரில் பறையடித்தோர் சிலர். வயலில் உழைத்தோர் அனைவரும். நாற்று நட்டதும், களை பறித்ததும், கதிர் அறுத்ததும், போரடித்ததும், அளவைப் பறையில் நெல்லை நிரப்பியதும் அவர்கள் கைகள். நிரம்பிய பறை போனதோ மிராசுதாரர் களஞ்சியத்துக்கு. உழுதவனுக்கு நிலமில்லை, குடியிருந்த மனைகூட அவனுடையதன்று. கும்பினி ஆட்சிப் பகுதிகளில் அடிமைத்தனத்துக்குச் சட்டத்தின் ஒப்புதல் இல்லையென்று 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் சொல்லும்வரை, மண்ணோடு சேர்த்து மனிதரும் கைமாறினர். சட்டம் வந்தபின்னும் கடனென்ற பெயரில் அந்தக் கட்டு தொடர்ந்தது.

செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரெமென்கீர் 1891இல் அம்மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து அறிக்கை எழுதினார். அவர்களின் துயரத்துக்கு வேர் நிலமின்மை என்பதை அது காட்டிற்று. அதன் விளைவாக 1892இல் தாழ்த்தப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்பது அதுவே. கொடுத்த நிலத்தையும் பிறர் பறித்துக்கொண்ட கதை நாடறிந்தது. அதை மீட்கும் போராட்டத்தில் 1994இல் செங்கற்பட்டு மாவட்டக் காரணையில் இருவர் காவல்துறையின் துப்பாக்கிக்கு இரையாயினர்.

ஆகவே, அகராதி சொல்லும் 'பறையடிப்போர்' என்னும் விளக்கத்தைப் படிக்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி இது: தோலைத் தொட்டதால் தீட்டு வந்ததா, நிலத்தைத் தொடவிடாமல் செய்யத் தீட்டு வந்ததா? சொல்லின் வேர் பறையில் இருக்கலாம். இழிவின் வேர் பட்டாவில் இருக்கிறது.

இன்னொரு பிழையும் அந்த முதற்பொருளில் உறைந்திருக்கிறது. ஒதுக்கித் தள்ளப்பட்டவன் என்றால் வெளியே துரத்தப்பட்டவன் என்று பொருளாகிறது. இவர்களை யார் வெளியே துரத்தினர்? போக விடவே இல்லையே! இவர்கள் போய்விட்டால் ஏர் நின்றுவிடும், ஊர் பட்டினி கிடக்கும். தொடக்கூடாது, ஆனால் விடவும் கூடாது. தள்ளி வை, ஆனால் தப்பவிடாதே. இதுவே நம் ஊரின் நீதி. ஆங்கிலோ இந்தியச் சொற்களைத் தொகுத்து 1886இல் 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் அகராதியை வெளியிட்ட யூலும் பர்னெலும், சாதியிலிருந்து தள்ளப்பட்டவன் என்ற பொருளில் இச்சொல்லை வழங்குவது பிழை என்று அன்றே எழுதினர். திருத்தம் அகராதியில் தூங்கியது. பிழை உலகை வலம் வந்தது.

எப்படி வலம் வந்தது? 1516ஐ ஒட்டி மலையாளக் கரையைப் பற்றி எழுதிய போர்த்துகீசியர் பார்போசாவின் குறிப்பிலேயே இப்பெயர் தலைகாட்டுகிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் ஏறியது. அங்கெல்லாம் அது ஒரு சாதியின் பெயர் மட்டுமே. அதை உருவகமாக்கி உலகுக்கு வழங்கியவர்கள் இலக்கியவாதிகள். அவர்தம் படைப்புகளைச் சற்றே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

பிரெஞ்சுப் புரட்சியின் காலத்தில், 1791இல், பெர்னார்தென் தெ சேன் பியர் 'இந்தியக் குடிசை' என்ற கதையை வெளியிட்டார். உண்மையைத் தேடி உலகெங்கும் திரியும் ஆங்கில அறிஞன், ஜகந்நாதத்துத் தலைமைப் பார்ப்பனரிடம் வினா எழுப்புகிறான். கிடைத்ததோ ஆணவம், அறிவன்று. பின்னர் புயலில் சிக்கி ஒரு குடிசையில் ஒதுங்குகிறான். அது பாரியாவின் குடிசை. அவன் மனைவியோ, உடன்கட்டையிலிருந்து தப்பிய பார்ப்பன விதவை. தலைமைப் பீடத்தில் கிடைக்காத மெய்யறிவு அந்தக் குடிசையில் கிடைக்கிறது. இந்தியாவைக் கண்ணால் கண்டிராத ஒருவர், பார்ப்பனர் பீடத்தைவிடத் தாழ்த்தப்பட்டோர் குடிசை உயர்ந்தது என்று எழுதத் துணிந்தார். அந்தத் துணிவு போற்றத்தக்கது. குறையும் உண்டு. அவருடைய பாரியா மன நிறைவோடு இயற்கையை வியந்து வாழ்கிறான். கூலி கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை. பசித்தவனைப் பாராட்டிவிட்டுப் பசியை மறந்துவிட்ட கதை அது.

1821இல் பாரிசில் அரங்கேறிய தெலவீஞ்ஞின் 'பாரியா' நாடகத்தில் பிறப்பை மறைத்த வீரன் ஒருவன் படைத்தலைவனாகிறான். தலைமைப் பார்ப்பனரின் மகளைக் காதலிக்கிறான். பிறப்பு வெளிப்பட்டதும் அழிகிறான். காட்சி காசியில். பெயர் தமிழ்ப் பெயர், இடம் கங்கைக்கரை! இந்தப் பொருந்தாமையைப் பாரிசு கவனிக்கவில்லை. ஆனால் நாடகம் கேட்ட கேள்வி பொருந்திற்று: வீரம் ஒருவனுடையதாக இருக்க, மதிப்பை ஏன் பிறப்பு தீர்மானிக்கிறது?

கவிஞர் கெதே 1824இல் 'பாரியா' என்னும் முப்பகுதிக் கவிதையை வெளியிட்டார். அதன் நடுப்பகுதிக் கதை நமக்கு அயலன்று. கணவனால் வெட்டுண்ட பார்ப்பனியின் தலையை, தண்டிக்கப்பட்டு இறந்த வேறொரு பெண்ணின் உடலோடு மகன் அவசரத்தில் பொருத்திவிடுகிறான். ரேணுகை, மாரியம்மன் கதையாக நம் ஊர்த் திருவிழாக்களில் கேட்பது இதுதான். சொன்னரா என்ற பிரெஞ்சுப் பயணி 1782இல் அச்சிட்ட நூல் வழியாக அது ஜெர்மனிக்குப் போயிற்று. மேல்சாதித் தலையும் கீழ்சாதி உடலுமாக எழுந்தவளை, ஒடுக்கப்பட்டோர்க்காக இறைவனிடம் பரிந்து பேசுபவளாக ஆக்கினார் கெதே. நம் புராணக்காரர்கள் காணாத கருணையை அவர் கண்டார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவருடைய பாரியா கேட்பது என்ன? பிரமனிடம் ஒரு மனு! தலையிலிருந்தும் காலிலிருந்தும் மனிதரைப் பிறப்பித்ததாகச் சொல்லப்படும் அதே பிரமனிடமே மனு! விண்ணப்பம் போட வழி கிடைத்தது, விலங்கு கழலவில்லை.

இவர்களைவிட ஆழமாகத் தொட்டவர்கள், தாமே புண்பட்டவர்கள். ஜெர்மானிய யூதரான மிகாயேல் பேயர் எழுதிய 'பாரியா' நாடகம் 1823இல் பெர்லினில் நடிக்கப்பட்டது. நாட்டைக் காக்கும் உரிமைகூட மறுக்கப்பட்ட இந்தியனின் குரலில், யூதரின் துயரத்தை அவர் பேசினார். பெண்விடுதலைக்கும் தொழிலாளர் ஒற்றுமைக்கும் உழைத்த பிளோரா திரிஸ்தான் தம் பயணநூலுக்கு 1838இல் 'ஒரு பாரியாவின் யாத்திரைகள்' என்றே பெயரிட்டார். கணவனின் கொடுமையிலிருந்து வெளியேறிய பெண்ணுக்குச் சமுதாயத்தில் கிடைத்த இடத்தை அந்தச் சொல் காட்டிற்று. சமூகவியலார் மாக்ஸ் வேபர் யூதரைப் 'பாரியா மக்கள்' என்றார். நாசிக் கொடுமை உச்சத்தில் இருந்த 1944இல், ஹன்னா ஆரெண்டு 'யூதன் ஒரு பாரியா' என்று கட்டுரை தீட்டி, இழிவை ஏற்று மேல்தட்டில் ஒண்டிக்கொள்பவனைவிட, பாரியாவாக நிமிர்ந்து நிற்பவனே மேல் என்ற சிந்தனையை வளர்த்தார். நம் சேரியின் பெயர், ஐரோப்பாவின் சேரிகளுக்கும் குரலாயிற்று. இச்சொல்லின் பயணத்தில் நாம் மதித்துப் போற்றத்தக்க பகுதி இது ஒன்றே.

மற்றப் பகுதி? ஆங்கிலேயர் தெருநாய்க்கு இப்பெயர் வைத்தனர். வானத்தையும் விடவில்லை! வெண்கழுத்துச் செம்பருந்தைப் 'பிராமினி' பருந்து என்றனர். குப்பைமேட்டில் இரை தேடும் கரும்பருந்தைப் 'பரையா' பருந்து என்றனர். பறவைக்கும் வருணம் பிரித்த பெருமை அவர்களுக்கு! இரண்டும் இரை தேடும் பருந்துகள்தாம். இரண்டும் செத்த மீனையும் உண்ணும். கருடனென்று ஒன்றைக் கும்பிட்டு, மற்றொன்றைக் கல்லெறிந்து விரட்டும் நம் வழக்கத்தை அவர்கள் பறவைநூலில் பதிந்துகொண்டனர். பாடம் சொன்னவர்கள் நாம், எழுதிக்கொண்டவர்கள் அவர்கள்.

அரசியலார் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். உலகச் சட்டத்தை மீறும் நாடுகளைப் 'பரையா அரசு' என்று 1970களில் அழைக்கலாயினர். அந்தப் பெயர் பெற்ற நாடுகளில் முதன்மையானது எது? நிறவெறியைச் சட்டமாக்கிய தென்னாப்பிரிக்கா! இந்த முரணைத் தோழர்கள் சற்று நின்று பார்க்க வேண்டும். தோலின் நிறம் பார்த்து மனிதரைப் பிரித்தவன் ஒடுக்கியவன். அவனைக் கண்டிக்க உலகம் தேடிய வசைச்சொல், ஒடுக்கப்பட்டவனின் பெயர். குற்றம் செய்தவனுக்கு, குற்றத்துக்கு இரையானவனின் பெயர்! கொள்ளையனைப் பழிக்கப் பறிகொடுத்தவன் பெயரைச் சூட்டுவதுபோல் இருக்கிறது இந்த நீதி. அறியாத அயலான் எழுதட்டும். நம் நாட்டு ஆங்கில ஏடுகளும் கூசாமல் அதை அச்சிடுகின்றனவே! வேறு நாட்டினரை இழிக்கும் சொல்லைப் பொதுமேடையில் உரைத்தால் நாகரிகமில்லை என்போர், நம் உடன்பிறந்தார் பெயரை வசையாக வழங்குவதை நல்ல ஆங்கிலம் என்று கொள்வது எந்த நாகரிகம்?

இச்சொல்லைத் தாங்கி வாழ்ந்தவர்கள் வாளாவிருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். பழித்த பெயரையே கொடியாக உயர்த்திய துணிவு அது. அயோத்திதாசப் பண்டிதரோ அந்தப் பெயர் பகைவர் சுமத்தியது என்றார். தம் மக்கள் பூர்வ பௌத்தர் என்றார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற இதழை நடத்தி, தமிழன் என்ற பெயருக்கே உரிமை கோரினார். எம். சி. ராஜா 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அதையொட்டி அரசின் ஏடுகளில் ஆதிதிராவிடர் என்ற பெயர் இடம்பெற்றது.

ஒருவர் பெயரை ஏந்தினார், ஒருவர் மறுத்தார், ஒருவர் மாற்றினார். இவற்றுள் எது சரி என்று தீர்ப்புரைக்கும் உரிமை, அந்தப் பெயரால் புண்படாத நமக்கு இல்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். மூவரும் கேட்டது பெயரை மட்டுமன்று. பள்ளிக்கூடத்தைக் கேட்டனர், பொதுத்தெருவைக் கேட்டனர், ஆட்சியில் பங்கைக் கேட்டனர். பெயரை மாற்றிவிட்டு நிலையை மாற்றாத ஊரில், புதுப்பெயரும் ஒரு தலைமுறைக்குள் வசையாகிவிடும். பஞ்சமன் என்றார்கள், அரிசன் என்றார்கள், என்னவாயிற்று?

பறையும் இன்று மீண்டும் ஒலிக்கிறது. பிணத்துக்கு முன்னால் கட்டாயமாக அடிக்க மாட்டோம் என்று கோலைக் கீழே வைத்தவர்கள் ஒரு தலைமுறை. அதே கோலை மாநாட்டு மேடையிலும் கல்லூரி முற்றத்திலும் பெருமையோடு எடுத்தவர்கள் அடுத்த தலைமுறை. பெண்களும் அடிக்கிறார்கள். பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மகிழ்வோம். ஆனால், மேடையில் பறைக்குக் கைதட்டிவிட்டு, ஊருக்குத் திரும்பியதும் சாவு வீட்டுக்கு அடிக்க ஆளனுப்பும் கைகள் இன்னும் இருக்கின்றன. கருவிக்கு மாலை, கலைஞனுக்குத் தனிக்குவளை என்றால், அது கலைவளர்ச்சியன்று; ஏமாற்று.

இளைஞர்களே, செய்ய வேண்டியவை தெளிவானவை. ஆங்கிலத்தில் எழுதும்போது 'பரையா' என்ற சொல் வேண்டாம். ஒதுக்கப்பட்டவனைக் குறிக்க அம்மொழியில் வேறு சொற்கள் உண்டு. ஏடுகள் அதை அச்சிட்டால் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுங்கள். ஒருமுறையன்று, நிறுத்தும்வரை எழுதுங்கள். வகுப்பில் அகராதி புரட்டும் மாணவனுக்கு, அங்கே எழுதப்படாத பொருளையும் சொல்லிக்கொடுங்கள்: உழுதவன், விதைத்தவன், ஊருக்குச் செய்தி உரைத்தவன் என்று. ஊரில் பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கிறது என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டறியுங்கள். அகராதியைத் திருத்துவது எளிது. அடங்கலைத் திருத்துவது கடினம். கடினமானதைச் செய்தால்தான் எளிதானதற்குப் பொருள் உண்டு.

பறைதல் என்றால் சொல்லுதல். ஆயிரம் ஆண்டுகள் ஊருக்காகச் சொன்னவர்கள், இப்போது தமக்காகச் சொல்கிறார்கள். கேட்பது நம் கடமை. கேட்டபின் உடன் நிற்பது அதைவிடப் பெரிய கடமை.